முப்பத்தோராவது குழல்

டீச்சரம்மா தைசியா எனக்குத் தரவேண்டியிருந்தது பதினாறு ரூபிள் நாற்பது கோபெக். இரண்டு குளிர்காலம் அடுப்பெரிக்க நான் கொடுத்த எரிமண் கட்டிகளின் விலை. நான் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் சதுப்பில் எரிமண் வெட்டுகிற கூலி. பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் ஊர் வழியாகச் சண்டை போனது. முப்பது வயதில்தான் எழுத்து வந்தது. மாலை வகுப்பில் அந்த அம்மாதான் கைபிடித்து எழுதவைத்தார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்வாரி இறங்குகிற இடமெல்லாம் சண்டை கிடைக்கும். தலைக்கவசம், தோட்டா, பூட்ஸ், பூட்ஸுக்குள் மிச்சமிருப்பது. எந்தப் படை எந்த நாள் லோவாத் ஆற்றைக் கடந்தது, எங்கே சிக்கியது என்று கேளுங்கள், சொல்கிறேன். கொட்டகையில் மாத வாரியாக அடுக்கியிருக்கிறேன். மேஸ்திரி கேலி செய்வார்: "என்னடா துருத்தளபதி, இன்னிக்கு எந்த ஊரப் புடிச்ச?" எனக்குக் கோபம் வராது.

எல்லாவற்றிலும் எனக்கு உயிர் அந்தக் கறுப்புக் குழல்கள். விரல் நீளம், திருகுமூடி. சிப்பாய் தன் பேரும் ஊரும் காகிதத்தில் எழுதி உள்ளே சுருட்டிவைக்க வேண்டும். எழுதினால் சாவு வந்துவிடும் என்று பயந்து பலர் எழுதவே இல்லை. ஊசியும் புகையிலையும் போட்டுவைத்தார்கள். என்னிடம் முப்பத்தொன்று. முப்பதில் எழுத்தே கிடையாது. ஒன்றில் மட்டும் பென்சில் எழுத்து, நனையாமல், முழுசாக. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருடம், ஏரிக்கு அக்கரையில் பிர்ச் மரங்கள் நிற்கிற பிர்ச் மேட்டில் கிடைத்தது. பத்து வருடம் வாசிக்கத் தெரியாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்து வந்ததும் முதலில் அதைத்தான் வாசித்தேன். இரண்டு மாலை பிடித்தது. ஸவ்வாத்தி ஸூயெவ். மனைவி தைசியா.

டீச்சரம்மாவின் புருஷன் சண்டையில் காணாமல் போனார் என்றுதான் ராணுவத்திலிருந்து தாள் வந்திருந்தது. எதிரி பக்கம் ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. பகல் பள்ளி வேலை போயிற்று. பென்ஷன் இல்லை. மகன் கெர்மானை மாலுமிப் பள்ளியில் சேர்க்கவில்லை. செத்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் எல்லாம் நேராகிவிடும். அந்த அம்மா என்னிடமே வந்தார்.

"யெஃபீம், ஒன் கண்ணுக்குத் தப்புறது இந்தச் சதுப்புல ஒண்ணுமில்லயாமே. எங்க வீட்டுக்காரர் எலும்பையாவது காட்டுப்பா. பையன் தல நிமிந்து நடக்கணும்."

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் குழலைக் கொடுத்திருந்தால் அதிகாரிகள் வந்து மேட்டையே புரட்டியிருப்பார்கள். அங்கே ஒரு முழு அணி படுத்திருக்கிறது. நான் மூன்றில் ஒரு பங்குதான் எடுத்திருந்தேன். மிச்சத்தை அள்ளி ஒரே குழியில் போட்டு, மேலே ஒரு தகர நட்சத்திரத்தை நட்டுவிடுவார்கள். வரலாற்றின் அருமை தெரியாதவர்கள்.

ஆகவே மூன்று வருடம், ஞாயிறுதோறும், அவரை வேறு வேறு இடங்களுக்குக் கூட்டிப்போனேன். பட்டணத்தில் வளர்ந்தவர், மண்வாரியைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததற்குப் பதில் அது. எலும்பு கிடைக்கும்போதெல்லாம் மண்டியிட்டுக் குழலைத் தேடுவார். இல்லை என்றதும் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வார்.

போன மாதக் கடைசியில் யாரோ ஒரு பழைய சிப்பாயைத் தேடிப்பிடித்து விசாரித்துவிட்டு வந்தார். "பிர்ச் மேடுன்னு சொல்றார்ப்பா. நாளைக்கே போறேன். கிட்ட வழி எது?"

கரை வழி சுற்று. நான் குறுக்கே உறைந்துகிடந்த ஏரியைக் காட்டினேன்.

"பனி தாங்குமா?"

"லாரியே போச்சு, டீச்சரம்மா."

லாரி போனது ஜனவரியில். மார்ச் கடைசியில் அங்கே நாய்கூடக் கால் வைக்காது. அது தெரிந்துதான் காட்டினேன்.

டீச்சரம்மாவை ஏரியிலிருந்து எடுத்து அடக்கம் செய்த மறுநாள் கெர்மான் கொட்டகைக்கு வந்தான். அம்மா கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்தது என்று சொல்லிப் பணத்தை நீட்டினான். பதினாறு ரூபிள் நாற்பது கோபெக், சரியாக இருந்தது. அப்போதுதான் அலமாரியில் குழலின் பக்கத்தில் நான் விரித்துவைத்திருந்த காகிதத்தில் அப்பா பெயரைப் பார்த்தான். அந்தக் காகிதம் இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. ஈரக் கையால் தொடாதீர்கள்.

பணத்தை நான் வாங்கவில்லை. அந்தக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டேன். செத்தவர்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.