பக்கத்துக் கட்டில் கறுப்பு

அழாதீங்க சவரியம்மாக்கா. நாளைக்குத்தானே அண்ணனைக் கொழும்புக்கு ஏத்துறாங்க, இன்னும் ஒரு நாள் இருக்கு. இப்படி இந்த வாங்குல குந்துங்க. உங்கட ரபாயேல் அண்ணனும் எங்கட மனுஷனும் கறுத்துப்போய்த்தானே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. ரெண்டு கட்டிலும் பக்கத்துப் பக்கத்துல. முதல் நாள் நர்ஸ் கேக்குறா, அண்ணன் தம்பியானு. ஒருத்தர் மஹ்ரூப், ஒருத்தர் ரபாயேல், எந்த உம்மா பெத்தாளாம்.

எங்கடவர் கறுத்ததை நான் நோய்னே நினைக்கல. கடைக்கு மிளகாய் எடுக்க லக்கலைக்குப் போய்வாற மனுஷன், வெயில்னு விட்டுட்டேன். பொறகு தேங்காப் பொச்சு நார் போட்டுத் தேச்சேன் பாருங்க, தோல் போச்சே தவிர கறுப்புப் போகல. அதுக்கு மேல உப்புச் சண்டை. எந்தக் கறிய வச்சாலும் உப்பில்லனுவாரு. கல்லுப்பை மிட்டாய் மாதிரி வாயில போட்டுக்கிட்டுக் கடையில இருப்பாரு. என் சமையலைப் பழிக்கிறாருனு மூணு மாசம் நான் பேசல. கடைசில ஒருநாள் பாயிலேருந்து எழும்பினவரு அப்படியே தலை சுத்தி விழுந்துட்டாரு.

இங்க டாக்டர் வந்து அவர்ட கையை விரிச்சு ரேகையப் பாக்குறாரு. எனக்குப் பக்குனு போச்சு. ஐயா, கை பாத்துச் சொல்றது எங்களுக்கு ஹராம்னு கையை இழுத்துட்டேன். அந்த மனுஷன் சிரிச்சே சோர்ந்துட்டாரு. ரேகையும் கறுத்திருக்கு, பல் முரசும் கறுத்திருக்கு, வெயில் வாய்க்குள்ள அடிக்குமானு கேட்டாரு. கிட்னிக்கு மேல சின்னச் சுரப்பி ஒண்ணு இருக்காம். அது படுத்துட்டா உடம்புல உப்பு நிக்காதாம், பிரஷர் இறங்குமாம். மாத்திரை சீமையிலேருந்து கப்பல்ல வரணும்னு அதுவரைக்கும் உப்புத் தண்ணிதான் குடுத்தாங்க. உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான்பாங்க, இவரு ரெண்டையும் சேத்தே குடிச்சாரு. போன கிழமை மாத்திரை வந்திச்சு, இப்ப நடக்குறாரு.

உங்கடவர் கறுப்பு வேறக்கா. பழைய வெண்கலச் சட்டி நிறம். சீனி வருத்தம், விரல் மொளியில நோவு, ஈரல் வீக்கம். உடம்புல இரும்பு கூடிப் போச்சாம், அதான் கிழமைக்கு ஒரு போத்தல் ரத்தம் இறக்குறாங்க. ஓம், ஆறு கிழமையா இறக்கியும் இரும்பு குறையலனுதானே டாக்டர் தலையச் சொறியுறாரு. கொழும்புல ஈரல்ல ஊசி குத்தித் துண்டு எடுப்பாங்களா? எனக்கும் பயமா இருக்கு. நேத்துலேருந்து சோறு இறங்கல.

இல்ல, நேத்து நர்ஸ்கிட்ட சும்மா கேட்டேன், இரும்பு எந்தச் சாப்பாட்டுல கூடனு.

எங்கடவர் கறுத்து மெலிஞ்சதும், ரத்தம் பத்தாது, மாட்டு ஈரல் குடுனு ஊர்ல சொன்னாங்க. நானும் ஒவ்வொரு நாளும் ஆக்கிக்கிட்டு வருவேன். அவருக்கு வாயில வைக்க ஏலாது, குமட்டும். ஆக்கின கறிய எறிய மனசு வருமா. பக்கத்துக் கட்டில்ல ஒரு மனுஷன் ஆசையாப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஆறு கிழமையும் நான்தான்க்கா குடுத்தேன், ஒருநாள் விடாம. இரும்பு ஈரல்லதான் கூடனு நர்ஸ் சொல்றா. டாக்டர் ஒரு பக்கம் இறக்க இறக்க நான் மறுபக்கம் ஏத்திக்கிட்டு இருந்திருக்கேன். எழும்புங்க, டாக்டர் போக முந்தி நானே சொல்லிடுறேன். ஏசுறதுனா அதுக்குப் பொறகு ஏசுங்க.