ரெண்டே ரெண்டு புள்ளி

இல்லீங்க சார், மௌஸை அப்புறம் தொடலாம். முதல்ல மனுஷ குலத்தையே பிடிச்சு ஆட்டுற ஒரு மூடநம்பிக்கையை ஒழிச்சுக் கட்டியாகணும். ஒரே சீரான வேகத்துல போனா அதுதான் வழுவழுன்னு போறதுன்னு முக்கால்வாசி உலகம் நம்பிட்டு இருக்கு. நீங்களும்தான். மகா தப்பு. எதுவுமே எடுத்த எடுப்புல முழு வேகத்துல கிளம்பாது. ஒரு கதவைச் சாத்திப் பாருங்க. மீட்டிங் முடிஞ்சதும் வாசலைப் பாத்துப் போற உங்க ஆளுங்களைப் பாருங்க, எப்படிப் படிப்படியா வேகம் பிடிக்கிறாங்கன்னு.

உக்காருங்க. ஜெராக்ஸ் கடைக்காரிதானேன்னு பாக்காதீங்க. நான் அனிமேஷன் படிச்சவ, அதைப் படிக்காத பசங்களுக்குப் பாடமும் எடுத்தவ. ஆமா, உங்க ரகம்தான்.

சரி, படத்தை ஓட்டுங்க. குடோன். மேலேருந்து பாக்கற மாதிரி. இந்த மஞ்சள் பெட்டிதான் சரக்கு தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டியா? நான் சோப்பு டப்பான்னு நினைச்சேன். கிளம்புது, போகுது, மூட்டை அடுக்கின ராக்குல மோதுது, ராக் சரிஞ்சு மூட்டை தூக்கறவர் கால்மேல விழுது. கால் ஒடிஞ்ச மனுஷனுக்கு ஒரு சிவப்பு வட்டம். அடேங்கப்பா, என்ன தாராளம்! இதை நாளைக்கு விசாரணைக் கமிட்டியில போட்டுக் காட்டுவீங்க. அதைப் பாத்துட்டு டிரைவருக்கு வேலை உண்டா இல்லையான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. போன தடவை கமிட்டித் தலைவரு, என்னய்யா பொம்மை மாதிரி போகுது, கொஞ்சம் ஸ்மூத்தா பண்ணிட்டு வான்னுட்டாரு. அதுக்குத்தான் ஹெட் ஆபீஸ் சேஃப்டி ஆபீசர் என் கடைப் படி ஏறியிருக்கீங்க. நான் சரியாத்தானே புரிஞ்சுக்கிட்டேன்?

நல்லது. இந்தப் பாதையில எத்தனை கீபாயின்ட் வச்சிருக்கீங்க? ரெண்டு. கிளம்பற இடத்துல ஒண்ணு, மோதற இடத்துல ஒண்ணு. கீபாயின்ட்னா என்ன சார்? இந்த நேரத்துல வண்டி இந்த இடத்துல இருந்துச்சுன்னு நீங்க பண்ற சத்தியம். நடுவுல உள்ளதைக் கம்ப்யூட்டர் தானா இட்டு நிரப்பும். அதுக்கு பிரேக் தெரியுமா, பயம் தெரியுமா? செக்குமாடு மாதிரி ஒரே வேகத்துல இழுத்துட்டுப் போகும். பாக்கறவனுக்கு என்ன தோணும்? இந்த ஆளு பிரேக்கையே தொடலைன்னு தோணும். நீங்க வாயைத் திறந்து பொய் சொல்லல. ரெண்டே ரெண்டு புள்ளி வச்சீங்க, பொய் அதுபாட்டுக்கு நடந்து வந்து நடுவுல உக்காந்துக்கிச்சு.

என்னது? ஸ்மூத் பட்டன் ஒண்ணு இருக்குமே, அதை அமுக்கிட்டா போதாதா? அமுக்கறேனே, எனக்கென்ன. இந்தா, பாருங்க. மெதுவா கிளம்புது, நடுவுல வேகம், கடைசியில அப்படியே பூ மாதிரி போய் ராக்கைத் தொடுது. அப்போ ராக் எதுக்கு விழுந்துச்சு? வெக்கப்பட்டா?

தள்ளுங்க, நானே வைக்கிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவுல ஒரே அளவு நேரம். புள்ளிங்க தள்ளித் தள்ளி இருந்தா வண்டி வேகமாப் போகும், நெருங்கி இருந்தா தயங்கும். அவ்வளவுதான் சார் வித்தை. இங்க கிளம்புது, அதனால கிட்டக் கிட்ட. அப்புறம் வேகம் பிடிக்குது, தள்ளித் தள்ளி. தரையில போட்டிருக்கற இந்த மஞ்சக் கோடு வந்ததும் பிரேக். திரும்பவும் நெருங்கி நெருங்கி...

ஏன் மஞ்சக் கோட்டுலயா? டயர் தேய்ஞ்ச கறை அங்கதானே ஆரம்பிக்குது. கறையே இல்லையா? நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா சார்? ஓ, போட்டோவுல பாத்தீங்க. போட்டோவை யாரு அனுப்புனாங்க? குடோன் மேனேஜரு. சரிதான், முழுப் பூசணிக்காய் எந்தச் சோத்துக்குள்ள இருக்குன்னு இப்பத் தெரியுது. அது எரிஞ்ச ரப்பர், அலம்பினா போகாது. இன்னிக்குப் போனாலும் குனிஞ்சா தெரியும். ஆனா குனியணும்.

பொறுங்க, இன்னும் முடியல. இந்த இடத்துலேருந்து புள்ளி நெருங்கறது நின்னுடணும். வேகம் குறையாம அப்படியே வழுக்கிட்டுப் போய் மோதணும். ஏன்னா தரையில எண்ணெய். மேல் தட்டுல நிக்கற மெஷின்லேருந்து ரொம்ப நாளாக் கசியுது. குடோன் ஆளுங்க சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. யாருகிட்டயா? சேஃப்டி பிரிவுலதான்.

ஐயையோ, ஏன் சார் வேர்க்குது? எண்ணெயை எடுத்துடணுமா? நான் எண்ணெயே வரையலையே. புள்ளிதான் வச்சிருக்கேன். ஓட்டிக் காட்டறேன், பாருங்க... கிளம்புது... பிரேக்... பிடிக்குது, பிடிக்குது... போச்சு, வழுக்கிடுச்சு. உங்க தலைவர் கேட்ட ஸ்மூத் இதுதான். வெண்ணெய் மாதிரி இருக்கு.

எனக்கு யாரு சொன்னாங்களா? கால் ஒடிஞ்சவரே சொன்னாரு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு. தினமும் நாங்கதானே சாப்பாடு கொண்டு போனோம். நாளைக்குக் கட்டையை ஊணிக்கிட்டு அவரும் வர்றாரு, கமிட்டி முன்னால சொல்ல.

நாங்கன்னா? நானும் எங்க வீட்டுக்காரரும். அவருதான் சார் உங்க சோப்பு டப்பாவை ஓட்டினவரு.

அட, எந்திரிக்காதீங்க. பென் டிரைவை எடுத்துட்டுப் போங்க. உங்க படம், என் படம், ரெண்டும் இருக்கு. எதைப் போட்டுக் காட்டறதுங்கறது உங்க இஷ்டம். உங்க படம் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல சுத்திச் சுத்தி எங்க வீட்டு போனுக்கும் வந்துச்சு. எங்க பொண்ணு பாத்தா. அப்பா பிரேக்கே போடலையான்னு ஒரே ஒரு தடவை கேட்டா. அதுக்கப்புறம் அப்பா பைக்குல ஏறுறதில்ல. ஸ்கூலுக்கு நடந்துதான் போறா.