டிபன் பையில் ஒரு மோடம்

வைஷுவுக்குத் தயிர்சாதம் நன்றாகக் குழைந்திருக்க வேண்டும். என் மகளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்களோ, அவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். மராத்தியில் இவ்வளவு நிதானமாக எழுத எனக்கு வராது, அதனால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் ஒரு வரியையும் விட்டுவிட வேண்டாம்.

அவளுக்குப் பதினான்கு வயது. வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் மனைவி மல்லிகா இறந்த பிறகு ஔந்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அவளுக்கு நான் மட்டும்தான். லீவெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வேலையை விட்டால் மருந்துச் செலவைத் தரும் காப்பீடும் போய்விடும். பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் கண்ட்ரோல் இன்ஜினியர். குளோரின் கலக்கும் இயந்திரத்துக்கு வெளியிலிருந்து எந்த இணைப்பும் இருக்கக்கூடாது என்பது விதி. இல்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடுபவனும் நான்தான். சிம் போட்ட சின்ன மோடம் ஒன்றைப் பேனலுக்குள் நானே வைத்தேன். அதன்பின் வீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்க முடிந்தது. சோதனைக்கு ஆள் வரும் நாட்களில் ஆபரேட்டர் பவுன் அக்கா அதைக் கழற்றி, டிபன் பையில் போட்டுக் கட்கியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். என் கஷ்டம் தெரிந்தவர்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் எவனோ அந்த மோடம் வழியாக நுழைந்து குளோரின் வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். அக்கா போன் செய்தார்.

"சார், கேஸ் நெடி தாங்கல. நான் வெளிய வந்துட்டேன். அவசர ஸ்விட்ச தட்டி பந்த் பண்ணிடவா?"

ஸ்விட்ச் கதவுக்கு வெளியே, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டினால் வால்வு மூடிக்கொள்ளும். ஆனால் தலைமை அலுவலகத்தில் மணியும் அடிக்கும், ஆட்கள் வந்து பேனலைத் திறப்பார்கள். வலிப்பு அடங்கி வைஷு என் மடியில் துவண்டு கிடந்தாள்.

"அதை அப்புறம் தட்டலாம், அக்கா. முதல்ல அந்த மோடம் டப்பாவை எடுத்துடுங்க."

"உள்ள போவணுமே சார். கண்ணு எரியுது."

"ரெண்டு நிமிஷம்தான். முந்தானைய நனைச்சு மூக்குல கட்டிக்குங்க."

போனார். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். இருமல் நின்ற பிறகும் ஆறு நிமிடம் காத்திருந்தேன். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

மோடம் அவருடைய டிபன் பைக்குள் இருந்ததாக விசாரணையில் நீங்கள் சொன்னீர்கள். ஜிப்பைக்கூட மூடியிருந்தாராம்.

அவரைக் கொன்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "எடுத்துட்டு உடனே வெளிய வந்துடுங்க" என்றும் சொன்னேன். அந்த வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.