வீட்டுக்காரி கொழும்பு போன கதை

— அப்ப நீங்களே சொல்லுங்க பதியுதீன் காக்கா. தானா ஓடுற படியில கால் வைக்க ஒண்ணாதெண்டு கொழும்பில மாடிக்கடை வாசல்ல அரை மணித்தியாலம் நிண்ட ஆள், இப்ப அந்தக் கொழும்பப் பத்தி எனக்கே நியாயம் சொல்லுறா.

— காக்காட்டப் பொய் சொல்லாதீங்க மச்சான். படி தானா ஏறிப் போற, நாம சும்மா நிக்கிற. அது எனக்கு ஒரு மரியாதையாப் படல்ல, அவ்வளவுதான். மறுகா பழகினாப் பொறகு திரும்பத் திரும்ப ஏறி எறங்கினது நானா, நீங்களா?

— நீதான் புள்ள. காவல்காரன் எண்ணித்து நிண்டான்.

— தம்பி நல்லரத்தினம், முதல்ல தேத்தண்ணியக் குடி, ஆறிப் போகுது. வாழைச்சேனைப் பக்கம் ஆமிக்காரன்ட தேடுதலாம், பின்னேரத்துக்கு முந்தி றோட்டுத் துறக்க மாட்டானுகள். உங்கட பஸ்காரனும் மரத்துக்குக் கீழ சாரத்தால மூடித்துப் படுத்திட்டான். அதுவரைக்கும் இந்த ஓட்டமாவடியத் தாண்டி ஒரு சைக்கிளும் போகா. ஆறுதலாச் சொல்லுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா நீ தனியத்தான் வந்து என்ட கடையில தேத்தண்ணி குடிக்கிற. இண்டைக்குத்தான் உன்ட பொண்சாதியக் காணுறன்.

— ஓம் காக்கா. இவ சீதேவிப்பிள்ளை, ஊர் மட்டக்களப்புக்கு அங்கால செட்டிபாளையம். நான் தன்னாமுனை ஆள், இவவக் கட்டி அங்க போன. ரெண்டு வருசமாப் புறக்கோட்டையில மொத்தக்கடை ஒண்டில கணக்கெழுதுறன், வெள்ளவத்தையில அறை. வந்து பாரு, பாத்தா நிண்டிருவாய் எண்டு எத்தின தரம் கேட்ட. இப்பதான் பதினஞ்சு நாள் வந்தா. வந்து எல்லாத்தையும் பாத்துப்போட்டுப் பெட்டியக் கட்டிற்றா. இவவ வீட்ட கொண்டுபோய் விட்டுட்டு நான் தனியக் கொழும்புக்குக் கிறுகிப் போகணும். றோட்டுத் துறக்கிறதுக்குள்ள இவட மனத்த மாத்தி, என்னோட கொழும்பில இருக்கச் சொல்லித் தந்தீங்கெண்டா உங்களுக்குப் பெரிய புண்ணியம்.

— எனக்கென்ன, ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்லுவன். சொல்லு தங்கச்சி, கொழும்பில என்ன குறை கண்ட?

— பிடிச்சதச் சொல்லட்டா காக்கா, பிடிக்காததச் சொல்லட்டா?

— பிடிச்சத முதல்ல சொல்லுகா புள்ள. பொறகு மறந்திருவாய்.

— மறக்க மாட்டன். வெள்ளவத்தையில கடலோடயே றெயில் போற காக்கா. தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு வளவுக்குரிய இடமும் இல்ல. அலை அடிச்சா பெட்டிக்குள்ள தெறிக்கிற. சனம் கதவில தொங்கித்துப் போற. ஒருத்தன் தொங்கித்தே பேப்பர் படிச்சான். மூஞ்சையில உப்புத் தண்ணி அடிச்ச. பேப்பரச் சேட்டில துடைச்சுப்போட்டு விட்ட இடத்திலிருந்து மறுகா படிச்சான். அவனப் பாக்கிறதுக்கே நான் பின்னேரம் பின்னேரம் போன.

— நானும் கூடப் போன காக்கா, அவனப் பாக்க.

— மறுகா, பொழுதுபட்டாப் பொறகும் பொம்பிளையள் தனிய நடக்கிறாளுகள். ஒருத்தி ஐஸ்கிறீமத் தின்டுத்து, செருப்பக் கையில புடிச்சித்து, ஆருக்கும் பயமில்லாமப் போறாள். நம்மட ஊரில ஆறு மணிக்குப் படலையச் சாத்தினா, நாய் குலைச்சாலும் நெஞ்சு பதறும். நானும் ஒருநாள் அப்பிடி நடந்தன். செருப்ப மட்டும் கழட்டல்ல.

— காலிமுகத்திடல்ல றால் வடை தின்டத விட்டுட்டாய்.

— அதில றால் எங்க இரிக்கி? வடைக்கு மேல ஒண்டு விறைச்சுப் போய் நிக்கிற, காவலுக்கு வச்ச மாதிரி. ஆனா காத்துக்குக் குறை சொல்ல ஏலா. தலை நரைச்ச ஆம்பிளையள் பட்டம் விடுறாங்க, வெக்கமில்லாம. அது எனக்கு நல்லாப் பிடிச்ச.

— கேட்டீங்களா காக்கா? இவ்வளவு பிடிச்ச ஆள் ஏன் நிக்க மாட்டாவாம்?

— அதுக்கு இவர்ட அறையப் பாக்கணும் நீங்க. அறைக்காரி அன்னப்பூரணி அம்மா, யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனுசிதான். ஆனா அந்த வீட்டில தும்முறதுக்கும் ஒரு சட்டம். இரவில சத்தம் போடக் கூடா. வெளிச்சம் நேரத்தோட நிப்பாட்டணும். விடிய வெள்ளன ஒருக்காத்தான் தண்ணி வரும், எல்லா அறைக்காரரும் வாளியோட வரிசையில நிப்பாங்க. பல்ல விளக்காம ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிக்கிற. கருவாடு பொரிக்கவே கூடாதாம். மேல் வீட்டுக்காரன் பொலிசுக்குச் சொல்லுவானாம்.

— கருவாட்டுக்குப் பொலிசா?

— புகை வந்தாக் குண்டெண்டு நினைப்பானாம் காக்கா.

— அவ சும்மா வெருட்டினா புள்ள.

— நீங்கதானே வெருண்ட. நான் ஊரிலிருந்து கொண்டுபோய்ப் பொரிச்ச கருவாட்டத் தலகணிக்குக் கீழ ஒளிச்சது ஆரு?

— யா அல்லாஹ், தலகணிக்குக் கீழயா? அந்தத் தெருப் பூனையெல்லாம் உன்ட ஊட்டு வாசல்லதான் கிடந்திரிக்கும் தம்பி.

— கிடந்த காக்கா. அத விடுங்க, மீன் சந்தையில இவ செய்த வேலையக் கேளுங்க.

— நான் என்ன செய்த? ஒருத்தன் நண்டு வச்சித்துக் கூவுறான், மட்டக்களப்பு நண்டு, இண்டைக்கு வந்த எண்டு. நான் கேட்டன், தம்பி, புணாணையில றோட்டுப் பூட்டி நாலு நாளாகுது, சனமே வர ஒண்ணாமக் கிடக்கு, உன்ட நண்டு எந்தப் பக்கத்தால வந்த?

— அதுக்கு அவன் என்ன சொன்னான்?

— கடலால வந்ததெண்டான். கடல் நண்டெண்டாக் கடல் நண்டெண்டு சொல்லி வில்லு, ஏன் எங்கட வாவியச் சந்திக்கு இழுக்கிறாய் எண்டன்.

— சனம் கூடிட்டு காக்கா. எனக்குத் தலைகுனிவாப் போச்சு.

— தலைகுனிஞ்ச ஆள்தான் அந்த நண்ட அரை விலைக்கு வாங்கித்து வந்த.

— சரி தங்கச்சி, கேட்டன். தண்ணி வரிசையும் கள்ள நண்டும் உலகத்தில எங்கயும் உள்ள சள்ளை. அதுக்காகவா புருசனத் தனிய விட்டுட்டு வாற?

— அதுக்காக இல்ல காக்கா. போன மறுநாள் பொலிசில பதியிறதுக்குக் கூட்டித்துப் போனாங்க. நம்மட தமிழ் ஆக்கள் ஆரும் புதுசா வந்தாப் பதியணும். வீட்டுக்காரர் ஆரு, தங்கியிரிக்கிற ஆள் ஆரு, வந்த ஆள் ஆரு எண்டு கேள்வி. இவர் தங்கியிரிக்கிற ஆளாம். நான் தங்கியிரிக்கிற ஆளப் பாக்க வந்த ஆளாம். செட்டிபாளையத்தில வளவு, கிணறு, கல்வீடு எல்லாம் என்ட பேரில இரிக்கி, அம்மா சீதனமா எழுதித் தந்த. அங்க வந்து கேட்டுப் பாருங்க, இவர சீதேவிப்பிள்ளைட மாப்பிள்ளை எண்டாத்தான் சனத்துக்குத் தெரியும். அந்த வெள்ளவத்தை வீட்டில பதினஞ்சு நாளும் நான் ரத்தினத்தாரின்ர மனுசி. என்ட பேர் என்னெண்டு ஒருத்தரும் கேக்கல்ல.

— அதிலென்ன புள்ள? புருசன் இரிக்கிற இடத்துக்குப் பொண்சாதி போறது உலகத்தில இல்லாததா?

— நம்மட பக்கத்தில எங்க இரிக்கி? பொம்பிளைட வீட்டுக்குத்தான் ஆம்பிள வாற. காக்கா, உங்களில எப்பிடி?

— எங்களிலயும் அப்பிடித்தான் தங்கச்சி. கலியாணம் முடிச்ச அண்டைக்கு றஸீனாட ஊட்டுக்குள்ள கால் வச்சவன் நான். புள்ளைகளும் வளந்திட்டு. இன்னும் கோழிக்கூட்ட இடம் மாத்துறதெண்டாலும் கேட்டுத்தான் மாத்துற. இந்தக் கடையப் பூட்டித் துறக்கிற திறப்பு ஒண்டுதான் என்ட இடுப்பில. அதாலதான் பெருநாளைக்கும் வந்து துறந்து வச்சித்து இரிக்கன்.

— நீங்க ஆர்ர பக்கம் காக்கா?

— உள்ளதச் சொன்னன் தம்பி. இது பாரமான வழக்கு.

— வீடு ஓடிரப் போகுதா? அம்மாவும் தங்கச்சியும் அங்கதானே இரிக்காங்க.

— வீடு ஓடா. நான் வீடில்லாத ஆளாப் போயிருவன்.

— அப்ப நானும் உள்ளதச் சொல்லுறன், கேளு சீதேவி. நான் ஆசையில கொழும்புக்குப் போகல்ல. சுற்றிவளைப்பில ஆமி திரும்பத் திரும்பக் கொண்டுபோய், முகத்த மூடித்து ஆளக் காட்டிக் குடுக்கிற தலையாட்டிக்கு முன்னால நிப்பாட்டினாப் பொறகு, நீதான் போகச் சொன்ன. போன. இப்ப றேடியோவில மட்டக்களப்பில எண்டு தொடங்கினாப் போதும். மிச்சத்தக் கேக்க மாட்டன், சேட்டப் போட்டுத்துப் போன் கடைக்கு ஓடுறன். அங்க எனக்கு முந்தி நம்மட ஆக்கள் வரிசையில நிப்பாங்க. ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க மாட்டம். லைன் கிடைக்காது. திரும்பி வந்து, கட்டின சோத்துப் பார்சல அவுக்காம அப்பிடியே வச்சிட்டுப் படுக்கிற. நீ வந்து நிண்ட இந்தப் பதினஞ்சு நாளும், செய்தி வாசிக்கிற நேரம் பக்கத்தில இருந்து வெங்காயம் உரிச்சாய். அப்பதான் ரெண்டு வருசத்துக்குப் பொறகு நான் செய்திய முழுசாக் கேட்ட.

— தங்கச்சி, உனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊத்தட்டா?

— ஊத்துங்க காக்கா. இவருக்கும் ஊத்துங்க. இத ஏன் மச்சான் அங்க வச்சி எனக்குச் சொல்லல்ல?

— அங்க எப்பிடிச் சொல்லுற? பலகைச் சுவர். இஞ்சால மூச்சு விட்டா அங்கால இருமுவான்.

— அதுவும் சரிதான்.

— இனி நான் கேக்க மாட்டன் புள்ள. உன்ட வீட்ட விட்டுட்டு ஆர்ரயோ வீட்டில வந்த ஆளா இரு எண்டு கேக்கிறது முறையில்ல. எனக்கு விளங்கித்து. கடையில கேட்டு, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரப் பாக்கிறன்.

— பஸ்காரன் ஒழும்பிட்டான் தம்பி. கோன் அடிக்கிறான். றோட்டுத் துறந்திட்டானுகள் போல.

— காக்கா, ஒரு விசயம். இஞ்ச இருந்து கொழும்புக்கு அரிசி லொறி போகுமே, அதில வேற சாமான் ஏத்துவாங்களா?

— என்ட மச்சினன் பாறூக்ட லொறி போகும், றோட்டு விட்டா. என்ன சாமான் தங்கச்சி?

— ஒரு கட்டில், ஒரு பெட்டகம், அம்மியும் குழவியும். வெள்ளவத்தைக்குப் பக்கத்தில, தெகிவளையில எறக்கணும்.

— தெகிவளையில ஆருக்குப் புள்ள கட்டில்?

— எனக்குத்தான்.

— என்ன சொல்லுறாய்?

— நண்டுக்காரனோட ஏறுபட்ட அண்டைக்கு எனக்காகப் பேச வந்த ஆமினா உம்மா, காத்தான்குடி ஆள், தெகிவளையில இரிக்கா. அவட வளவில பின்பக்கம் ரெண்டு அறையும் குசினியும் சும்மா கிடக்கு. தனிப் பைப். கருவாடு பொரிக்கலாம், கேட்டுட்டன். நீங்க கடைக்குப் போற நேரம் நான் போய்க் கதைச்சிக் கதைச்சி, முந்தாநாள் திறப்ப வாங்கிட்டன். நீங்க வேணாமெண்டு சொல்லுவீங்களோ எண்டுதான் இவ்வளவு நேரமும் வாயத் துறக்கல்ல.

— அப்ப செட்டிபாளையத்து வீடு?

— தங்கச்சி மங்கையற்கரசிக்கு. வீடில்லாமத்தானே அவட கலியாணம் இழுபட்டுக் கிடக்கு. அத எழுதிக் குடுக்கத்தான் இப்ப போறன், பெட்டி கட்டினதும் அதுக்குத்தான். எனக்கொரு வீடு இல்லாம அத எழுதிக் குடுக்க அம்மா விடமாட்டா. இப்ப இரிக்கே.

— அது வாடகை வீடுகா.

— வாடகையெண்டாலும் என்ட பேரில. இனிப் பொலிசில கேட்டா நான் வீட்டுக்காரி, நீங்க தங்கியிரிக்கிற ஆள்.

— வாடகை ஆரு குடுக்கிற?

— நீங்கதான். ஊரிலயும் வீடு என்ட, ஓடு மாத்துறது நீங்க. புதுசா ஒண்டும் இல்லையே.

— ஏறு தம்பி பஸ்ஸில. உனக்கு வெற்றியா தோல்வியா எண்டு நான் றஸீனாட்டக் கேட்டு அடுத்த முறை சொல்லுறன்.

— வெற்றிதான் காக்கா, இதில என்ன சந்தேகம்? புள்ள, அந்தத் திறப்ப இஞ்ச தா. திங்கக்கிழமை போனதும் அந்த அறைய விட்டுட்டு நேரா தெகிவளைக்குப் போய், வீட்டக் கூட்டிக் கழுவி வச்சித்து இரிக்கன்.

— அது ஒண்ணா மச்சான். நான் வந்து பால் காய்ச்சி, ஆள் அனுப்பி உங்களக் கூப்பிடுற வரைக்கும் அன்னப்பூரணி அம்மாட அறையிலயே இரிங்க. வீட்டுக்காரிக்கு முந்தி மாப்பிள்ளை போய் வாசல்ல நிண்டா, தெகிவளைச் சனம் அத உங்கட வீடெண்டெல்லோ நினைச்சிரும்.