மிச்சமிருந்த மாத்திரை

— இதுக்கு மேல எதைப் போத்தச் சொல்லுதிய? வீட்டுல இருக்கறதே இந்த ரெண்டு போர்வைதான். எந்திரிங்க, ஆசுபத்திரிக்குப் போவம்.

— வேண்டாம் செல்வி. சும்மா காய்ச்சல். மட்டாஞ்சேரில இப்ப எந்த வீட்டுல வைரல் காய்ச்சல் இல்ல? சூடா ஒரு சாயா போட்டுக் குடு, சரியாயிரும்.

— சும்மா காய்ச்சலா? காலைல வேர்த்துக் கொட்டி, நல்லாயிட்டேன்னு சொன்னிய. நான் சுக்கு குடோனுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள மறுபடி குளுருல கட்டிலே ஆடுது. காங்கோலேர்ந்து வந்து ரெண்டு வாரங்கூட முழுசா ஆகல. எனக்குப் பயமா இருக்குங்க.

— காங்கோன்னு சத்தமாச் சொல்லாத. பக்கத்து ரூம்ல கேக்கும்.

— கேக்கட்டும்!

— கொரோனா அப்ப நம்ம வாசல்ல கயிறு கட்டுனது மறந்துபோச்சா? பைப்புல தண்ணி பிடிக்கக்கூட விடலயே. ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தவனுக்குக் காய்ச்சல்னா நாளைக்கு டிவில வந்துரும். உன்னயும் குடோன்லேர்ந்து நிப்பாட்டிருவானுக.

— நிப்பாட்டட்டும். டாக்டர்ட்ட நாஞ் சொல்லத்தான் போறேன். இது மலேரியாவாத்தான் இருக்கும். அது ஒண்ணும் தொட்டா ஒட்டிக்கிறது இல்ல, கொசு கடிச்சு வாரது. ஆமா, மாத்திரை போடுதியளா?

— எந்த மாத்திரை?

— எந்த மாத்திரையா? நீங்க போறதுக்கு முன்னால ஊசி போட்டாரே, அந்த டாக்டர் மலேரியா வராம இருக்க எழுதிக் குடுத்தது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போடணும், ஊருக்குத் திரும்பி வந்த பெறகும் நாலு வாரம் விடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நானும் பக்கத்துலதான் இருந்தேன்.

— போட்டேன், போட்டேன்.

— எங்க அட்டை? உங்க பெட்டியத் தலகீழாக் கொட்டிப் பாத்துட்டேன்.

— தீந்துபோச்சு.

— பொய். ஊருல வந்து போடறதுக்கும் சேத்துத்தான் வாங்கிக் குடுத்தேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— அருணுக்குக் குடுத்துட்டேன்.

— என் தம்பிக்கா?

— நான் கெளம்புறதுக்கு மொத நாள்தான் அவன் அங்க வேலைக்கு வந்து எறங்கினான். கம்பெனி கேம்புக்கு மாத்திரை இன்னும் வரல, அடுத்த வாரம் வரும்னானுக. அது ஆத்தங்கரை, செல்வி. சாயந்திரமானா கொசு அப்பும். உங்கம்மைக்கு ஒத்த ஆம்பளப் பய. என் கொசுவலையயும் அவன் கட்டில்ல கட்டிவிட்டுத்தான் கெளம்புனேன்.

— அப்ப உங்களுக்கு?

— நாந்தான் ஊருக்கு வந்துட்டனே. இங்க உள்ள கொசு நமக்குப் பழகுன கொசுதான.

— ஐயோ, அங்க கடிச்சது உள்ள கெடக்கும்னுதானே நாலு வாரம் போடச் சொன்னாரு! உங்கள மாதிரி கூறுகெட்ட மனுசன நான் பாத்ததே இல்ல.

— வையாத. நீதான போன்ல அழுத, என் தம்பியப் பாத்துக்கோங்க, பாத்துக்கோங்கன்னு.

— அழுதேன். அழுதேன்தான். இப்படிப் பாத்துக்கிடுவியன்னு எனக்கு என்ன தெரியும்? சரி, போகட்டும். அவனாச்சும் அங்க நல்லாருக்கட்டும். எந்திரிங்க, ஆட்டோ வந்துட்டு. சேவியர் சேட்டா, இவர ஒரு கை பிடிங்க!

— இதோ பிடிக்கறேன் சேச்சி. அய்யோ, முத்துவேலண்ணனுக்கு தீ மாதிரி பொள்ளுதல்லோ! எங்க போகணும்?

— எறணாகுளம் பெரிய ஆசுபத்திரிக்கு விடுங்க சேட்டா. வேகமா.

— ஜெனரேட்டர யாரு ஆஃப் பண்ணது?

— என்னங்க சொல்லுதிய?

— இருட்டா இருக்கு மாப்ள. வலைய நல்லா இழுத்துச் சொருகு.

— மாப்ள இல்லங்க, நான் செல்வி. ஆட்டோல போயிட்டிருக்கோம். தோப்பும்படி பாலம் வந்துட்டு, இங்க பாருங்க. இங்க பாருங்கன்னு சொல்லுதேன்ல!

— மாத்திரைய மறந்துராத மாப்ள. உங்கக்காவுக்கு நாந்தான் பதில் சொல்லணும்.

— சேச்சி, உங்க போன் அடிக்குது. கேக்கலயா?

— யாரு? அருணா? ஏல, நீ நல்லாருக்கியால? அத்தான் குடுத்த மாத்திரையப் போடுதியா? அத மட்டும் சொல்லு.

— அதுவா? ஒரே ஒரு தடவ போட்டேன்க்கா. ராத்திரி பூரா கெட்ட கெட்ட கனவு. அட்டையோட ஆத்துல வீசிட்டேன். அத்தான்கிட்ட மட்டும் சொல்லிராத, மனசு சங்கடப்படுவாக.