மயிரிழை பிசகாத தவறு

மரத்தோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த, மரச்சாமான் செய்வோர் சங்கத் தலைவர் அவர்களே! அளவையும் அறுப்பையும் அன்றாடம் ஆண்டுவரும் பட்டறைப் பெரியோர்களே! புதிய வெட்டு இயந்திரத்தைத் தொடங்கிவைக்க என்னை அழைத்துவிட்டு, அழைத்தால் இவள் என்ன பேசுவாள் என்று யாரிடமும் விசாரிக்காமல் விட்ட அன்புத் தம்பி, பட்டறை முதலாளி அவர்களே! எட்டாத அலமாரிக்கு எம்பி எம்பியே கால் கடுத்துப்போன என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்.

முதலில் ஒரு நன்றி. என்னைச் சக்கர நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி இந்த மேடையில் வைத்தார்களே, அந்த நாலு பேருக்கு. நாலு பேர் தூக்கும்போது கண் விழித்திருக்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது! சிரியுங்கள், சிரியுங்கள், நானே சிரித்துக்கொண்டுதான் வந்தேன். இந்த மைக்கும் நிற்பவர்களுக்காகவே நிற்கிறது. கொஞ்சம் இறக்குங்கப்பா. இன்னும். ஆங், போதும். பார்த்தீர்களா, திருகைத் தளர்த்தினால் பணிவாக இறங்கிவிடுகிறது. என் வீட்டுச் சமையல் மேடைக்கு அந்தப் பணிவு கிடையாது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு விபத்துக்குப் பிறகு என் கால்கள் ஓய்வு பெற்றுவிட்டன. கைகளுக்கு ஓய்வில்லை, காலால் மிதித்துத் தைத்தவள் இப்போது கைப்பிடியைச் சுற்றித் தைக்கிறேன். வாய்க்கு ஓய்வே இல்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். தொழில் என் கைக்குத் திரும்பிவிட்டது. அடுக்களை மட்டும் திரும்பவில்லை. ஒரு வாய்த் தேநீர் வேண்டுமென்றால் கணவரைக் கேட்க வேண்டும், இல்லையேல் நாத்தனாரைக் கேட்க வேண்டும். அவர்கள் முகம் சுளிப்பதில்லை; அதுதான் இன்னும் சங்கடம். முகம் சுளித்தாலாவது ஒரு சண்டை போடலாம்! கேட்டுக் கேட்டுக் குடிக்கும் தேநீர் தொண்டையில் இறங்குவதில்லை, ஐயா. அதற்காகத் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஆகவே இந்தப் பட்டறையைத் தேடி வந்தேன். வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘உங்கள் அளவுக்கு, உங்கள் விருப்பத்துக்கு!’ அடடா, நானும் அளவெடுத்து வெட்டுகிறவள்தானே, நம்ம ஆள் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போனேன்.

முதலாளித் தம்பி என் வீட்டுக்கு வந்தார். கையில் லேசர் கருவி. பொத்தானை அழுத்தினால் சுவரில் செம்புள்ளி. புள்ளி விழுந்தால் திரையில் எண். சுவரை அளந்தார், சன்னலை அளந்தார், கதவை அளந்தார், கூரையை அளந்தார், குழாயை அளந்தார். மூலையில் தூங்கிய பூனையைத் தவிர எல்லாவற்றையும் அளந்தார். அந்தச் செம்புள்ளி சுற்றிச் சுற்றி வந்து என் நெற்றியில் விழுந்தது. அப்போது தம்பி என்ன சொன்னார் தெரியுமா? “அக்கா, கொஞ்சம் ஓரமா போங்க, குறுக்க இருக்கீங்க.”

யாருக்காக அடுக்களை? எனக்காக! யார் குறுக்கே இருந்தது? நான்! அளந்து முடித்தார், என்னை மட்டும் அளக்கவில்லை.

பட்டறைக் கணினியில் ஒரு படம் ஏற்கெனவே குடியிருந்தது. எந்த வீட்டுக்கான படம்? எல்லா வீட்டுக்குமான படம்! அதில் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு முகமில்லை, வயதில்லை, மூட்டுவலி இல்லை. ஊரிலுள்ள அத்தனை வீட்டிலும் அவளேதான் சமைக்கிறாள். என் வீட்டுச் சுவரின் நீளத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்கள். பழைய இயந்திரம் வெட்டியது. எப்படி வெட்டியது! குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். விளிம்பில் ஒரு சிராய் இல்லை. இணைப்பில் என் ஊசி நுழையுமா என்று பார்த்தேன், நுழையவில்லை. தவறுதான், ஆனால் மயிரிழை பிசகாத தவறு!

பொருத்தி முடித்தபோது சமையல் மேடை என் தாடைக்கு நேரே நின்றது. கீழே முழுக்க மூடிய அலமாரி. நாற்காலியை நேராக விட்டால் முட்டி இடிக்கிறது, பக்கவாட்டில் விட்டால் கை எட்டவில்லை. கொதிக்கும் பாலை அடுப்பிலிருந்து இறக்கினால் அது இறங்கும் இடம் என் மடிதான்.

இயந்திரத்தை இயக்கும் பொறியாளரைக் கேட்டேன். “மெஷின் தப்பே பண்ணாதுக்கா” என்றார்.

“சரிப்பா, மெஷின் பண்ணல. அப்ப யாரு பண்ணா?”

“கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருந்துச்சு.”

“கம்ப்யூட்டர்ல அதை யாரு வெச்சா?”

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. கூரையைத்தான் ஏற்கெனவே அளந்துவிட்டாரே!

“விடும்மா, நான் இருக்கேன்ல, டீ போட்டுத் தரமாட்டேனா?” என்றார் என் கணவர். இதோ முன்வரிசையில் இருக்கிறார், தங்கமான மனுஷர். அவர் போடும் தேநீரைப் பற்றிப் பொதுமேடையில் பேசுவது நாகரிகமில்லை. என்னங்க, தலையைக் குனியாதீங்க, உங்களைச் சொல்லவில்லை, தேநீரைச் சொன்னேன்.

பிறகு தம்பியை என் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தேன். கையில் கத்தியும் ஒரு வெங்காயமும் கொடுத்து, நறுக்குங்கள் என்றேன். தோள் காதைத் தொட்டது, முழங்கை வானத்தைப் பார்த்தது, வெங்காயம் உருண்டு அவர் மடியில் விழுந்தது. கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தாலா, வெட்கத்தாலா என்று நான் கேட்கவில்லை. “கழட்டிடறேன்க்கா, புதுசா செஞ்சு தர்றேன்” என்றார். எப்போது? “புது மெஷின் வரட்டும்க்கா.” வந்துவிட்டது! மாலை போட்டாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, மேளம்கூட அடித்தாயிற்று. என் அடுக்களை மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் இயந்திரத்துக்கு எதிரி என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். இல்லை, ஐயா, இல்லவே இல்லை! குட்டையான அம்மாவுக்கு ஒரு மேடை, நெட்டையான மருமகனுக்கு ஒரு மேடை, உட்கார்ந்தே வாழும் எனக்கு ஒரு மேடை என்று ஆளுக்கு ஓர் அளவில் அலுக்காமல் வெட்ட அதைவிட ஆள் ஏது? ஆயிரம் உடம்புக்கு ஆயிரம் அளவு வெட்டத் தெரிந்த ஒன்றை வாங்கிவந்து, ஒரே அளவை ஆயிரம் முறை வெட்டவைக்கிறீர்களே, இது அடுக்குமா? சட்டை தைக்க வந்தவரை அளக்காமல், அவர் வீட்டு பீரோவை அளந்து நான் சட்டை தைத்துக் கொடுத்தால் சும்மா விடுவீர்களா? என் கடைக் கதவை உடைக்க மாட்டீர்களா? தாய்மார்கள் தலையாட்டுகிறார்கள், எம்பி எம்பி வலித்த கால்களுக்குத்தான் இது புரியும்.

சரி, பலகையை ஏற்றி வைத்துவிட்டு என்னைப் பொத்தானை அழுத்தச் சொல்கிறீர்கள். முதலில் என்ன வெட்டப் போகிறது? என்ன தம்பி, “சும்மா ஒரு பூ டிசைன்க்கா”வா? என் அடுக்களை காத்துக்கிடக்க, உங்களுக்குப் பூ கேட்கிறதா? அழுத்த மாட்டேன். மேலே வாங்க. இந்தாங்க, என் கழுத்தில் கிடக்கும் இன்ச் டேப். இந்தச் சபை பார்க்க என்னை அளங்க.

வருகிறார், கைதட்டுங்கள்! குனிங்க தம்பி, தரையிலிருந்து முட்டி வரைக்கும். ஆமாம். சத்தமாச் சொல்லுங்க, பொறியாளர் குறிச்சுக்கட்டும். இதோ கையை நீட்டுகிறேன். இதுவரைக்கும்தான் எட்டும், இதுக்கு மேல எதையும் வைக்காதீங்க.

என்ன கேட்கிறீங்க? சபைக்கும் கேட்கட்டும். “கைக்கு ரொம்பப் பக்கத்துல எதை வைக்கணும்க்கா?” என்று கேட்கிறார். சபையோரே, சுவரைக் கேட்டவர், சன்னலைக் கேட்டவர், இன்றைக்குத்தான் என்னைக் கேட்கிறார்.

குவளைகளை வைங்க தம்பி. எனக்கு ஒன்று மட்டும் போதாது, நிறைய வைங்க. வீட்டுக்கு வந்தவர்களை நான் உபசரித்து எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? கதவைத் திறந்ததும் வந்தவர்களே என்னிடம், “நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிடுகிறேன்.

பொறியாளர் தம்பி, அந்தப் பூவை அழித்துவிட்டு இந்த அளவை ஏற்றுங்கள். மனதார அழுத்துகிறேன். இத்தனை குத்தலையும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், சபையறிய மண்டியிட்டு டேப் பிடித்த என் தம்பிக்கும், சிரித்தே எனக்குத் தெம்பு தந்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அடுக்களை அமைந்ததும் அனைவரும் என் வீட்டுக்கு வாருங்கள். யாரும் எழுந்து உதவக் கூடாது, சொல்லிவிட்டேன். நீங்க உக்காருங்க, நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றேன். வணக்கம்!