எட்டில் முடியும் எண்

டைப்பிங் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், சார். பிழை இருக்கிறதென்று ஒருவரும் தாளைத் திருப்பிக்கொண்டு வந்ததில்லை. படிப்பை முடித்த பிள்ளைகள் வேலைக்கான விண்ணப்பத்தை என்னிடம்தான் கொடுப்பார்கள். அக்கா கை ராசியான கை என்று ஒரு பேச்சு.

தம்பிக்கும் நான்தான் டைப் செய்தேன். அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. தலை துவட்டிவிட்டதிலிருந்து பல்கலைக்கழக வாசலில் கொண்டுபோய் விட்டதுவரை எல்லாம் நான். பட்டம் வாங்கி வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"வேலை கிடைச்சதும் தனியா ரூம் பாத்துக்கறேன்க்கா. எத்தனை நாளைக்குத்தான் எனக்காகவே ஓடுவே? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

நல்ல மனதோடுதான் சொன்னான். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவனுடைய விண்ணப்பத்தில் கைப்பேசி எண்ணின் கடைசி எட்டை மூன்றாக அடித்தேன். கம்பெனிகள் போனில்தான் கூப்பிடும். படிப்பு, மதிப்பெண் எல்லாவற்றையும் அவன் இரண்டு முறை சரிபார்த்தான். சொந்த எண்ணை மட்டும் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கடையில் கற்றுக்கொண்டது அது.

எழுபத்திரண்டு விண்ணப்பம் போனது. குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டு போவான். சில நாள் என் போனிலிருந்து தன் போனுக்கு அடித்து, ஒலிக்கிறதா என்று பார்ப்பான். "நல்லாத்தானே அடிக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். நண்பர்களைப் பார்ப்பதை விட்டான், சவரம் செய்வதை விட்டான். சாயங்காலம் நான் வரும் நேரத்துக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குழாய் ரிப்பேர்காரர் வீடு தேடி வந்தார். மூன்றில் முடியும் எண் அவருடையது. கையில் ஒரு சீட்டு, அதில் பத்தொன்பது கம்பெனிகளின் பெயர்.

"எல்லாரும் எனக்கே போன் பண்றாங்கம்மா. ஒரு கம்பெனிக்காரங்ககிட்ட கெஞ்சி விலாசம் வாங்கினேன். பாவம், புள்ள காத்துக்கிட்டிருக்கும்ல. கடைசிக் கம்பெனி வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம்."

தம்பி உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்டதென்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன். மனிதர் நிம்மதியாகப் போனார். சீட்டை அடுப்பில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து உடைத்தார்கள். மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது.

பத்திரிகைக்கு இரங்கல் அறிவிப்பை நானே டைப் செய்தேன். அதைப் பார்த்துத்தான் குழாய்க்காரர் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார். தொடர்புக்கு அவன் எண்ணையே கொடுத்தேன், எட்டில் முடிகிற எண்ணை. இரண்டு நாளாக அந்தப் போன் ஓயாமல் அடிக்கிறது. ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தால்கூடப் பிள்ளை பிழைத்திருப்பானே என்று துக்கம் கேட்பவர்கள் அழுகிறார்கள். ஆமாம் என்று நானும் அவர்களோடு அழுகிறேன்.

அவனைச் சாகச் சொல்லி நான் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை, சார். இதையெல்லாம் டைப் செய்ய ஆள் தேட வேண்டாம், நானே செய்து தருகிறேன். பிழை இருக்காது.